புதுக் கடல்நீர்த் தொட்டியில் அமோனியா ஏறினால் என்ன செய்வது?

அமோனியாவை அளக்கும் ரெஸ்ட் கிற்றில் பச்சை தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தொட்டிக்குள் மீன் இருக்கிறதா என்பதைத்தான். கல்லும் மணலும் மட்டும் கிடக்கும் தொட்டியில் 2 பிபிஎம் (லீற்றருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம்) அமோனியா காட்டினால் பேசாமல் விட்டுவிடுங்கள். அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா பெருகுவதற்கு அதுதான் சாப்பாடு. 5 பிபிஎம்மைத் தாண்டினால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். அதே 2 பிபிஎம் மீன் ஓடும் தொட்டியில் காட்டினால் அன்றைக்கே இறங்கி வேலை செய்ய வேண்டும். வெறுந்தொட்டியில் தினமும் தண்ணீர் மாற்றினால் பற்றீரியா பட்டினி கிடக்கும், சுழற்சி, அதாவது பற்றீரியா பெருகித் தொட்டி தயாராகும் காலம், மாதக்கணக்கில் இழுபடும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 100 லீற்றர் தண்ணீருக்கு. 60×45×45 சென்ரிமீற்றர் தொட்டியில் கல், மணல் போக ஏறக்குறைய அவ்வளவுதான் நிற்கும்.

1. அளவை உறுதிப்படுத்துங்கள்

ஏபிஐ நிறுவனத்தின் கிற் என்றால் 5 மில்லிலீற்றர் தொட்டித் தண்ணீரில் முதலாம் போத்தலால் 8 துளி, இரண்டாம் போத்தலால் 8 துளி விட்டு, 5 வினாடி குலுக்கி, 5 நிமிடம் வையுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ரியூப்லைற்றுக்குக் கீழே மஞ்சள்கூடப் பச்சையாகத் தெரியும்.

கூடவே பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு), வெப்பநிலை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கிற் காட்டுவது மொத்த அமோனியாவை. அதில் மீனைக் கொல்வது ஒரு பங்குதான். மிச்சம் அமோனியமாக இருக்கும், அது அவ்வளவு மோசமில்லை. 28 பாகையில் பிஎச் 8.2 என்றால் நச்சுப் பங்கு நூற்றுக்கு 7–8 வரை வரும், பிஎச் 7.8 என்றால் 3 அளவில் நிற்கும். சூடு ஏற ஏற இந்தப் பங்கும் ஏறும். சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியே 30 பாகையைத் தொட்டுவிடும். தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி சின்ன மின்விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு பாகை அளவு இறங்கும். ஆவியாகிப் போவதை உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்புங்கள்.

மீன் வேகமாகச் செவுளடிக்கிறது, ஆனால் அமோனியா பூச்சியம் என்றால் அது அநேகமாக நோய். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

2. எங்கிருந்து வருகிறது?

கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் மீன், மூடியபடி நாறும் நத்தை, மணலுக்குள் போன இறால் துண்டு. பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். எடுத்து எறியுங்கள். உலர்ந்த முருகைக்கல்லின் துளைகளுக்குள் பழைய உயிரிகள் காய்ந்து ஒட்டியிருந்தால், நனைந்ததும் அழுகத் தொடங்கும். அப்படிப்பட்ட கல்லைத் தனி வாளியில் ஊறப்போட்டு, மணம் போன பிறகுதான் தொட்டிக்குள் இறக்க வேண்டும். கடலில் இருந்து உயிர் முருகைக்கல் எடுப்பது இலங்கையில் சட்டவிரோதம்; அந்த எண்ணமே வேண்டாம்.

மின்வெட்டையும் யோசியுங்கள். கனிஸ்ரர் பில்ரர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய வடிகட்டி) பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா சாகும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் நேரே தொட்டிக்குள் கொட்டும். திரும்பப் போடுமுன் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள்.

3. சாப்பாட்டை நிறுத்துங்கள்

இரண்டு மூன்று நாள் ஒன்றும் போட வேண்டாம். வளர்ந்த குளவுன் மீனோ டாம்சலோ அதைத் தாங்கும்.

4. தண்ணீர் மாற்றுங்கள்

உண்மையில் மீனைக் காப்பாற்றும் படி இதுதான். கணக்கு லேசானது: பாதித் தண்ணீர் மாற்றினால் அமோனியா பாதியாகும். 0.25 பிபிஎம் என்றால் 20 லீற்றர் மாற்றி மறுநாள் பாருங்கள். 0.5 முதல் 1 வரை என்றால் 30 லீற்றர். அதற்கு மேலே போனால் 50 லீற்றர், 12 மணி நேரம் கழித்துத் திரும்ப அளந்து, தேவையானால் இன்னொரு 40.

மாற்றும் தண்ணீரில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். கிணற்றுத் தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டாம். தோட்டப் பசளை சுண்ணக்கல்லூடாக இறங்குவதால் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிக அதிகம், கடினத்தன்மையும் அப்படியே. ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீர் வாங்கி லீற்றருக்கு 35–38 கிராம் கலவை போட்டு, பவர்ஹெட்டால் (தண்ணீரை ஓடவைக்கும் சின்னப் பம்பு) ஒரு நாள் ஓடவிடுங்கள். ஆனையிறவு உப்பு சமையலுக்குச் சரி, இதற்கு ஆகாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீசியம் கழிவுநீரோடு போய்விடும். மிஞ்சுவது சோடியம் குளோரைட்டுத்தான்.

கடல்நீர் அள்ளுவது மலிவு, ஆனால் இடம் பார்த்து அள்ளுங்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் நீரேரி. கோடையில் உப்புக் கூடும், மார்கழி மழைக்குப் பின் உப்புக் குறையும். கீரிமலையில் நன்னீர் ஊற்று கரையிலேயே கடலுக்குள் கலக்கிறது. பருத்தித்துறைப் பக்கத் திறந்த கடலில், மீன் இறக்கும் துறையை விட்டு விலகி அள்ளுவது மேல். எங்கே அள்ளினாலும் அடர்த்தி 1.025 அளவில் இருக்கிறதா என்று பார்த்து, துணியால் வடியுங்கள். மூடி வைத்த கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அதுவே அமோனியா காட்டும். காற்றடித்தபடி வைத்து, ஊற்றுமுன் ஒருக்கால் அளந்துவிடுங்கள்.

உப்பும் வெப்பமும் தொட்டியோடு பொருந்த வேண்டும். பிஎச்சையும் கவனியுங்கள். தொட்டியில் 7.8, புதுத் தண்ணீரில் 8.3 என்றால், ஒரேயடியாக ஊற்றும்போது மிச்சமிருக்கும் அமோனியாவின் நச்சுப் பங்கு திடீரென்று கூடும். ஒரு மணி நேரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

5. காற்று

ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க 4.5 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் செலவாகும். பவர்ஹெட்டை மேற்பரப்பு குலுங்கும்படி திருப்பிவிடுங்கள், காற்றுப் பம்பும் போடுங்கள். பற்றரியில் ஓடும் பம்பு ஒன்று கைவசம் இருந்தால் மின்வெட்டுக்கும் உதவும்.

6. மருந்தும் பற்றீரியாவும்

சீசெம் பிரைம் போன்ற கரைசல் 200 லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், ஆகவே உங்களுக்கு 2.5. குளோரீனை நீக்குவதில் சந்தேகமே இல்லை. அமோனியா விடயத்தில் அதைத் துணையாக மட்டும் வையுங்கள், தண்ணீர் மாற்றுவதற்குப் பதிலாக அல்ல. போட்ட பிறகும் கிற் அமோனியா காட்டும், பதறி இன்னொரு மடங்கு ஊற்றாதீர்கள்.

போத்தல் பற்றீரியா கடல்நீருக்கானதா என்று லேபலைப் பார்த்து வாங்குங்கள். அதைவிட நல்லது, நோயில்லாத பழைய கடல்நீர்த் தொட்டியில் ஓடிய ஸ்பொஞ்ச் ஒரு துண்டு. ஈரம் காயாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து உங்கள் பில்ரருக்குள் வையுங்கள்.

செய்யக் கூடாதவை

பில்ரரைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. அமோனியாவை உறிஞ்சும் சியோலைற் கல்லை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்; கடல்நீரில் சோடியம் அதன் இடத்தை அடைத்துவிடும். பிஎச்சைக் குறைக்க வினாகிரி ஊற்றுவதும் ஆபத்து.

எப்போது முடிந்தது?

அமோனியா இறங்கியதும் நைத்திரைற்று ஏறும். கடல்நீரில் குளோரைட்டு நிறைய இருப்பதால் அது நன்னீர்த் தொட்டியில் போல மீனை வாட்டாது. இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூச்சியம் காட்டினால் சாப்பாட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

மீன் இல்லாத தொட்டி என்றால் 0.63 கிராம் அமோனியம் குளோரைட்டுப் போட்டு 2 பிபிஎம் ஆக்குங்கள். 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமானால் தொட்டி தயார். வழக்கமாக 4 முதல் 6 வாரம் எடுக்கும். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மீன்; அடுத்ததை வாங்க இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.