டுப்ரோவ்னிக்கில் இருந்து ஒரே நாளில் ஸ்டோன், கோர்ச்சுலா, ஒயின்: முதல்முறை போகிறவர்களுக்கு

குரோஷியா போகிற நம்மூர்க்காரர்கள் டுப்ரோவ்னிக் கோட்டைச் சுவரில் ஒரு சுற்று வந்துவிட்டு, மறுநாள் எங்கே போவது என்று ஓட்டலில் கிடக்கும் துண்டுப் பிரசுரங்களைப் புரட்டுவார்கள். என் ஓட்டு பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்துக்கு. வடமேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் அது. தொடக்கத்தில் ஸ்டோன் என்கிற உப்பு ஊர், நடுவில் திராட்சைச் சரிவுகள், கடைசியில் ஒரு குறுகிய கடலைத் தாண்டினால் கோர்ச்சுலா தீவு. கோட்டை, பழைய ஊர், ஒயின் மூன்றும் ஒரே நாளில் அடங்கும், ஆனால் எதை எந்த நேரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விமானம், ஓட்டல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதற்குள் நான் போகவில்லை.

முதல் வேலை: விசாவில் எத்தனை நுழைவு என்று பாருங்கள்

ஒயின் பதிவில் விசா எதற்கு என்று தோன்றும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகக்கூடாது. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள் வந்துவிட்டது, அதே நாளில் யூரோவும் வந்தது (பழைய பதிவுகளில் குனா என்கிற பழைய நாணயக் கணக்கில் விலை இருந்தால் அப்படியே மறந்துவிடுங்கள்). டுப்ரோவ்னிக்கில் விற்கிற ஒருநாள் சுற்றுலாக்களில் பாதி மாண்டிநீக்ரோவின் கோட்டோருக்கும் போஸ்னியாவின் மோஸ்டாருக்கும் போகிறவை. "கடற்கரை, பழைய நகரம், ஒயின்" என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள், நாட்டின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அந்த இரண்டு நாடுகளும் ஷெங்கன் இல்லை. உங்கள் விசாவில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 என்று இருந்தால், எல்லையைத் தாண்டிய நொடியில் அந்த விசாவின் கதை முடிந்தது. போகும்போது தடுக்காமல் விட்டாலும், திரும்பும்போது பிரச்சினை. பெட்டி டுப்ரோவ்னிக் ஓட்டலில் இருக்கும், நீங்கள் எல்லைச் சாவடியில் இருப்பீர்கள்.

வடக்கே இருக்கிற ஸ்ப்ளிட் நகரில் இருந்து பேருந்தில் டுப்ரோவ்னிக் வருபவர்களுக்கும் இதே கண்ணி உண்டு. கடற்கரைச் சாலை நெயும் என்ற ஊர் வழியாகப் போகிறது, அது போஸ்னியாவுக்கு இருக்கிற ஒரே கடலோர ஊர். டுப்ரோவ்னிக் ஒரு தனிக் குடியரசாக இருந்த காலத்தில், வெனிஸ்காரர்கள் தரைவழியாக வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் நடுவில் ஒரு துண்டு நிலத்தை ஒட்டோமானியர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1699-இல் நடந்த ஏற்பாடு. அந்தத் துண்டுதான் இன்றைக்கும் குரோஷியாவின் கரையை இரண்டாக வெட்டுகிறது. இதைச் சுற்றிப் போகத்தான் 2.4 கி.மீ. நீளத்துக்குப் பெல்யெஷாட்ஸ் பாலம் கட்டி 2022 ஜூலையில் திறந்தார்கள். ஆகவே ஸ்ப்ளிட் பேருந்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒரே கேள்வி: பாலம் வழியா, நெயும் வழியா?

டுப்ரோவ்னிக்கில் இருந்து ஸ்டோன், கோர்ச்சுலா போகிற பாதையில் எந்த எல்லையும் இல்லை. இந்தப் பயணத்தை நான் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து: கார் வேண்டாம், சின்ன வேன் பிடியுங்கள்

பெல்யெஷாட்ஸ் சாலை அழகானது, நானே ஓட்டலாமே என்று ஆசை வரும். குரோஷியாவில் ரத்தத்தில் மது அளவுக்கு வரம்பு 0.05 சதவீதம், 24 வயது வரையிலான ஓட்டுநர்களுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். இந்தச் சரிவில் விளையும் சிவப்பு ஒயின் 14, 15 சதவீதம் வரை ஏறும். ஒருவர் குடிக்காமல் ஓட்டுவது என்று பேசி வைத்துக்கொண்டு போகிற குழுக்களில் அந்த ஒருவரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

பெரிய பேருந்து சுற்றுலா விலை குறைவு, ஆனால் ஐம்பது பேரை இறக்கி ஏற்றுவதிலேயே நேரம் போய்விடும். எட்டுப் பேர் வேன்தான் சரி. தேடுவதற்கு முன்பதிவுத் தளங்களைப் பயன்படுத்துங்கள், நடத்துகிறவர் யார் என்று தெரிந்ததும் அவருக்கே நேராக எழுதுங்கள். விலை அதே இருந்தாலும், கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வருகிறதா என்பதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கேட்க வேண்டியவை: எத்தனை பேர், ஒயின் கட்டணமும் ஃபெர்ரி கட்டணமும் விலைக்குள் அடக்கமா, ஸ்டோன் சுவர் ஏற நேரம் உண்டா, கோர்ச்சுலாவில் எத்தனை மணி நேரம். கடைசிக் கேள்விக்கு "ஒரு மணி நேரம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏறும் இடம்: பழைய நகருக்குள் வண்டி வராது. உள்ளே தங்கியிருந்தால் பீலே வாசல் வரை நடக்க வேண்டும், அங்கே காலையில் கூட்டம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், எந்த வேன் எந்த மூலையில் நிற்கும் என்று முதல்நாளே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். குரூஜ் துறைமுகம் பக்கம் தங்கினால் இந்தத் தொல்லை குறைவு.

நாளின் வரிசை

பல சுற்றுலாக்களில் ஸ்டோன் முடிந்ததும் காலை பத்தரைக்கே ஒயின் வைத்துவிடுகிறார்கள், போகிற வழியில் இருக்கிறது என்பதால். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மத்திய தரைக்கடல் வெயில், பாதி வெறும் வயிறு, 15 சதவீத ஒயின், அப்புறம் படகு, அப்புறம் கோர்ச்சுலாவின் கல்படிகள்! சுவர் காலையில், தீவு மதியத்தில், ஒயின் திரும்பும் வழியில். சின்ன வேன்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் மாற்றிக்கொடுப்பார்கள். எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு ஸ்டோன், பன்னிரண்டு வாக்கில் ஓரெபிச் படகுத்துறை, மூன்று வரை கோர்ச்சுலா, நாலுக்கு ஒயின், எட்டுக்குள் டுப்ரோவ்னிக். ஜூலை, ஆகஸ்டில் இதற்கு மேல் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர் நல்லது.

ஸ்டோன்

1333-இல் இந்தத் தீபகற்பம் டுப்ரோவ்னிக் கைக்கு வந்தது, உடனே சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். இன்றைக்கு மிச்சம் நிற்பது ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர். இவ்வளவு பெரிய சுவர் எதற்கு? உப்புக்காக. கீழே தெரிகிற உப்பளத்தில் இன்னமும் கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். வேதாரண்யமோ தூத்துக்குடியோ பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாத்திகளுக்குப் புனிதர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒன்றைத் தவிர. முண்டோ என்கிற அந்தப் பாத்தியின் உப்பு ஏழைகளுக்கு என்று ஒதுக்கியது.

ஒரு யோசனை: சுவரில் ஸ்டோன் பக்கம் ஏறி, மலை தாண்டி மறுபக்கம் மாலி ஸ்டோனில் இறங்குங்கள், வேனை அங்கே வரச் சொல்லுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும், திரும்பி நடக்க வேண்டியதில்லை. நிழல் கிடையாது, படி செங்குத்து, செருப்பில் போகாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஸ்டோன் பக்கத்துச் சின்னச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாலி ஸ்டோன் விரிகுடா சிப்பிக்குப் பெயர்போனது. எலுமிச்சை பிழிந்து பச்சையாகத்தான் தருவார்கள். இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் ஒன்று வாங்கிப் பாருங்கள், ஒரு தட்டு சொல்லாதீர்கள், அடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைவுச் சாலை இருக்கிறது.

கோர்ச்சுலா

ஓரெபிச்சில் இருந்து கார் ஏற்றும் ஃபெர்ரி டொமின்ச்சே துறைக்குப் போகும், அங்கிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர் தள்ளி. ஆட்களை மட்டும் ஏற்றும் சின்னப் படகு நேரே பழைய ஊரின் காலடியில் இறக்கும். வேனை ஓரெபிச்சிலேயே விட்டுவிட்டுச் சின்னப் படகில் போகிற ஏற்பாடுதான் மேல்.

ஊரின் தெருக்களை மேலிருந்து பார்த்தால் மீன்முள். மேற்குப் பக்கத் தெருக்கள் நேராக இருக்கும், கோடையில் வீசும் மைஸ்ட்ரல் காற்று உள்ளே வரட்டும் என்று. கிழக்குப் பக்கம் வளைத்துவிட்டிருக்கிறார்கள், குளிர்காலத்தில் வீசும் 'பூரா' என்கிற காற்று நுழையாமல் இருக்க. ஊரின் தரைப்பக்கத்து வாசலில் படியேறி, நடுத்தெருவில் புனித மாற்கு பேராலயம் வரை போய், இஷ்டப்பட்ட சந்தில் இறங்குங்கள். கைடு தேவையே இல்லை.

மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, வெனிஸ்காரர் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்டது. ஆனால் 1298-இல் இந்தத் தீவை ஒட்டிய கடலில் வெனிஸும் ஜெனோவாவும் மோதிக்கொண்டது உண்மை. அந்தச் சண்டையில்தான் அவர் பிடிபட்டார் என்பது மரபுக்கதை. ஜெனோவா சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயணக்கதையில் நம் பாண்டிய நாடும் வருகிறது: காயல் துறைமுகம், அங்கே ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வந்த கப்பல்கள், முத்துக்குளிப்பு. காயல்பட்டினம் பக்கத்து ஆட்கள் அந்த வீட்டின் முன்னால் தாராளமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒயின் சுவை பார்ப்பது

பிளாவட்ஸ் மாலி என்பது இங்கத்துச் சிவப்புத் திராட்சை. அதில் டிங்காச் என்கிற சரிவில் விளைவதுதான் ராஜா. 1961-லேயே சட்டப் பாதுகாப்பு பெற்ற பெயர். சரிவு அவ்வளவு செங்குத்து, முன்பெல்லாம் கழுதைகளில்தான் திராட்சையை மலை தாண்டிக் கொண்டுவந்தார்கள். 1970-களில் போட்டோம்யே ஊரில் இருந்து 400 மீட்டர் சுரங்கம் குடைந்தார்கள், ஒரே ஒரு வண்டி போகும் அகலம். டிரைவரிடம் கேட்டு அதற்குள் போய் மறுபக்கம் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்காவின் ஸின்ஃபாண்டெல் திராட்சையின் மூலம் குரோஷியாவில் இருப்பது 2001-இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. பிளாவட்ஸ் மாலி அதன் பிள்ளை.

முதல்முறை சுவை பார்ப்பவர்கள் பயப்படுவது மூக்கை விட்டு முகர்ந்து ஏதாவது சொல்ல வேண்டுமோ என்றுதான். ஒன்றும் வேண்டாம், பிடித்ததா இல்லையா என்று சொன்னால் போதும். கவனிக்க வேண்டியது அளவு. கோப்பைக்கு 50 மில்லி என்று வைத்தாலும் ஐந்து ஊற்றில் 250 மில்லி, அதாவது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு இடம் போனால் இரட்டிப்பு. அதனால் ஒரே ஒரு இடம் போதும் என்பேன். மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், ஒயின் செய்கிறவரே துப்புவார். வெள்ளையில் தொடங்குங்கள் (கோர்ச்சுலாவின் போஷிப், அல்லது அதே தீவின் லும்பார்தா ஊரில் மட்டும் பேர்போன கிர்க்), பிறகு சாதாரண பிளாவட்ஸ், கடைசியில் டிங்காச். புரோஷெக் என்று இனிப்பு ஒயின் தந்தால் அது இன்னும் கடைசி. முதலிலேயே டிங்காச் குடித்தால் மற்றதெல்லாம் தண்ணீர் போலத் தெரியும். ஒயினில் தண்ணீர் கலந்து குடிப்பது டால்மேஷியா என்கிற இந்தக் கடற்கரைப் பகுதியில் சகஜம், பெவாண்டா என்று சாப்பாட்டுக் கடையில் கேளுங்கள், டிங்காச் ஊற்றுகிறவர் முன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

பாட்டில் வாங்கினால் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள், கைப்பையில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம், ஆக 750 மில்லி பாட்டில் இரண்டு.

பிறகு சேர்த்தது: சைவம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒயினோடு வரும் தட்டில் பிர்ஷூட் என்கிற உலர்ந்த பன்றித்தொடை இருக்கும், முன்பதிவிலேயே வேண்டாம் என்று எழுதினால் சீஸ், ஆலிவ், ரொட்டி தருவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ப்ளித்வா, அதாவது கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு, ஆலிவ் எண்ணெயில் வதக்கியது, சைவர்களுக்குப் பிரச்சினையில்லை. கறுப்பு ரிசோட்டோ என்கிற அரிசி உணவு சைவம் இல்லை, அந்தக் கறுப்பு கணவாய் மையில் வருவது. ஸ்டோனின் பெயர்போன மாக்கரோனி கேக்கில் முட்டை உண்டு.

இன்னொன்று: குடிக்காதவர்கள் வரலாமா? தாராளமாக வரலாம், சுவர், தீவு இரண்டுக்கும் ஒயினோடு சம்பந்தமில்லை. சில நடத்துநர்கள் ஒயின் இல்லாத கட்டணம் தனியாகப் போடுவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். குழந்தையோடு வருகிறவர்கள் கார் இருக்கை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள், காலை எட்டு மணிக்குப் பீலே வாசலில் நின்றுகொண்டு கேட்டால் கிடைக்காது.