ஊதும் கயாக்: இரண்டு பேருக்கு, கையைக் கடிக்காமல்

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் அடுக்குமாடியில் இருக்கிற எங்களுக்குப் பெரிய படகு வைக்க இடமேது? இன்டெக்ஸ் எக்ஸ்புளோரர் கே2 என்ற, காற்றடித்து ஊதும் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) வாங்கினோம். நீளம் சுமார் 3.1 மீட்டர், தாங்கும் எடை 181 கிலோ. துடுப்பும் கைப்பம்பும் பெட்டியிலேயே வரும். வாங்குமுன் இருவர் எடையோடு சாப்பாட்டுப் பையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். முழு எடை ஏற்றினால் படகு மிதக்கும், ஆனால் நகர மனமிருக்காது.

வெயிலில் காற்றை இறுக அடைக்காதீர்கள். சூட்டில் காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து கொஞ்சம் தளரும், அப்போது நாலு தடவை பம்ப் அடித்தால் சரி.

படகு நேராகப் போக அடியில் மாட்டும் சின்னத் தகட்டை (ஃபின்) மட்டும் மறக்கவே கூடாது. முதல் நாள் நாங்கள் மறந்தோம். ரூஜ் ஆற்றுச் சதுப்பில் பம்பரமாய்ச் சுற்றினோம், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே.

எடை கூடியவர் பின்னால் உட்காரட்டும். முன்னால் இருப்பவரின் தாளத்துக்குப் பின்னவர் துடுப்புப் போட வேண்டும். (எங்கள் வீட்டில் முன்னால் இருப்பது நான் அல்ல.)

இந்தப் படகு காற்றுக்கு இலை மாதிரி. கரையிலிருந்து ஏரிப்பக்கம் காற்றடித்தால் இறங்கவே வேண்டாம். மே மாதத்திலும் ஒன்டாரியோ ஏரி நடுங்க வைக்கும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, ஒரு விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு: இவை கனடாச் சட்டமே கேட்பவை.

ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். பால்கனியில் காயப் போடுங்கள், அடியில் பழைய துணி விரித்து. கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்துவிட்டார்.