நாயோடு பிரிட்டன் திரும்புகிறீர்களா? நாடாப்புழு மருந்தின் நேரத்தைக் கவனியுங்கள்

பிரான்ஸ், ஸ்பெயின் என்று காரில் நாயையும் ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டு பிரான்ஸின் கலே துறைமுக நகரம் வழியாக பிரிட்டன் திரும்புகிறவர்கள் கடைசி வாரத்தில் கவனிக்க வேண்டியது நாடாப்புழு மருந்து. நாமே வாங்கிக் கொடுத்தால் செல்லாது. கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும், அதுவும் பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் முன்னதாக. அதனால் நாளை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு மூன்று நாள் முன்பு கொடுப்பதுதான் நல்லது, வழியில் கார் மக்கர் செய்தாலும் கப்பல் தாமதமானாலும் கெடு தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள்.

மருந்து கொடுத்ததும் உடனே கிளம்பிவிடாமல் அங்கேயே நின்று நாயின் பாஸ்போர்ட்டையோ பயணத்துக்கான சுகாதாரச் சான்றிதழையோ திறந்து பாருங்கள்: மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தேதி, மணி, மருத்துவரின் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். தேதியைப் போட்டுவிட்டு மணியை விட்டுவிடுவது சுலபமாக நடக்கும், அதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி காலாவதி ஆகவில்லையே என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

அயர்லாந்து, பின்லாந்து, நார்வே, மால்டாவிலிருந்து நேராக வந்தால் இந்த மருந்து தேவையில்லை.

அப்புறம், கலேயில் கடலுக்கடியில் பிரிட்டனுக்குப் போகும் சுரங்க ரயிலில் ஏறுவதற்கு முன் செல்லப்பிராணிகள் கவுன்டரில் மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்வார்கள், அதற்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்கள். ரயிலில் சுமார் 35 நிமிடம் நாய் உங்களோடு காரிலேயே இருக்கலாம், பயந்த சுபாவமுள்ள நாய்க்கு கப்பலைவிட இதுவே நிம்மதி.