கிளிக்குக் காய்கறி உறையவைக்கிறீர்களா? முதலில் ஈரத்தைப் போக்குங்கள்

போன வாரம் எங்கள் தெருவில் புதிதாக சன் கன்யூர் என்ற வெளிநாட்டுக் கிளி வாங்கிய தம்பி ஒருவர் தன் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். பழைய ஐஸ்கிரீம் டப்பா நிறையக் காய்கறிக் கலவை, ஒரே பாளமாக. மேலே கத்தியால் குத்திப் பெயர்த்த தடங்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான்கு வருடத்துக்கு முன் என் வீட்டிலும் இதே மாதிரி ஒரு டப்பா இருந்தது.

அவகாடோவும் சாக்லேட்டும் கிளிக்கு விஷம் என்பது பறவை வாங்கும்போதே எல்லோரும் கேட்டுக்கொள்வது. அதற்குள் போகவில்லை. இன்னொன்று: கன்யூர் வெளிநாட்டுப் பறவை. நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதவில்லை.

ஈரத்தோடு அரிந்து ஒரே டப்பாவில் அடைப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து கேரட், பூசணி, பீன்ஸ், குடைமிளகாய், முருங்கைக்கீரை எல்லாவற்றையும் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட அரிந்து, டப்பாவில் அமுக்கி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் ஸ்பூன் இறங்கவில்லை. டப்பாவை வெளியே வைத்தேன், ஓரம் இளகியதும் சுரண்டி எடுத்தேன், மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன். தினமும் இதே கதை. பத்து நாளில் டப்பாவின் அடியில் கலங்கலான பச்சைத் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தது, கீரை கொழகொழத்துவிட்டது. மோந்து பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் கிளி தின்றதைக் கக்கித் தலையை உதறியது. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே தீனி தங்கும் பையில் கிருமித் தொற்று என்றார் மருத்துவர். சமையலறைத் தராசில் 112 கிராம் காட்டிய பறவை 97 கிராமுக்கு இறங்கிவிட்டது. மூன்று வாரம் மருந்தும் சிரிஞ்சில் ஊட்டலுமாகப் போனது. பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

காய்க்குள் இருக்கும் நீர் உறையும்போது ஐஸ் துகள்களாகி அதன் திசுவைக் கிழிக்கிறது. இளகும்போது அந்த நீர் வெளியே கசிகிறது. ஃப்ரீசர் குளிரில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, பெருகாமல் அடங்கிக் கிடக்கின்றன. கசிந்த நீரில் டப்பா இளகும் ஒவ்வொரு முறையும் அவை பெருகுகின்றன. கழுவிய ஈரம் போகாமல் வைத்தால் எல்லாம் ஒட்டிப் பாளமாகும். பாளமானால் முழுவதையும் இளக்கத்தான் தோன்றும். வினை அங்கேதான் தொடங்குகிறது. 'அரிந்து ஃப்ரீசரில் வையுங்கள்' என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. உலர்த்தச் சொல்ல இன்னொரு வரி ஆகுமா?

இப்போது நான் செய்வது: கழுவிய காயையும் கீரையையும் பழைய பருத்தி வேட்டியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் விடுகிறேன். கீரையைக் கையில் அள்ளி உதறினால் இலைகள் தனித்தனியாக விழ வேண்டும். அப்புறம்தான் அரிவது. அரிந்ததைத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு ஒருநாள் அளவாகச் சின்னச் சின்ன ஜிப் கவர்களில் போட்டுக் காற்றை அமுக்கி எடுத்துவிடுகிறேன். ஒரு கவர், ஒரு நாள். மிஞ்சினால் குப்பைக்கு. திரும்ப ஃப்ரீசருக்குப் போகாது.

மிக்ஸியில் அடிப்பது

வேண்டாம். சட்னியாகிவிடும், நீரும் விட்டுக்கொள்ளும்.

வேகவைத்ததைச் சூட்டோடு கலப்பது

பயறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு இவற்றின் ஆவி மற்ற காயையெல்லாம் நனைத்துவிடும், நீங்கள் உலர்த்தியது வீண். நன்றாக ஆறவிட்டு, நீர் வடித்துச் சேருங்கள். ராஜ்மா போட்டால் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழையக் கொதிக்கவைத்தே தீர வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் நச்சு உண்டு, மனிதருக்கே ஆகாது.

வெள்ளரி, தக்காளி, பப்பாளி

உறையவைக்காதீர்கள். அன்றன்றைக்கு அரிந்து கொடுங்கள்.

மைக்ரோவேவில் இளக்குவது

ஒரு துண்டு ஜில்லென்று இருக்கும், பக்கத்துத் துண்டு கொதிக்கும். அந்தச் சூட்டில் தீனிப்பையே வெந்துபோகும். முதல்நாள் இரவே கவரை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் கவரோடு ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

கிண்ணத்தைக் கூண்டிலேயே மறப்பது

நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. எடுத்துக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

கரண்ட் போன பிறகு யோசிப்பது

கவரை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஐஸ் நறநறவென்று கைக்குத் தட்டுப்பட்டால் சரி, அன்றைக்கே கொடுக்கலாம். முழுக்க இளகி எத்தனை நேரமானது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். அந்தத் தம்பியின் டப்பாவையும் அன்றைக்கே கொட்டவைத்தேன். அவருக்கு மனசு வரவில்லை. என் கிளியின் எடை எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினேன், 112க்குக் கீழே 97. பேசாமல் டப்பாவைக் கழுவப் போட்டார்.