டி செல்லைத் தூண்டியும் ஐஎல்-2 வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளணு) தூண்டப்பட்டதும் சுரக்கும் சிக்னல் புரதம் ஐஎல்-2; அதை நிறத்தால் அளக்கும் சோதனை எலைசா. எலைசா தட்டில் நிறம் வரவில்லை என்றதும் கிட்டைச் சந்தேகப்படுவது வழக்கம். ஆனால் கோளாறு பெரும்பாலும் முந்தைய நாளே, செல்லைத் தூண்டிய விதத்திலேயே நேர்ந்திருக்கும்.

ஐஎல்-2 ஜீன் முழுவீச்சில் இயங்க என்ஃபேட், ஏபி-1, என்எஃப்-கப்பா-பி என்ற, ஜீனை இயக்கும் மூன்று புரதங்களும் வேண்டும். டி செல் ஏற்பியில் விழும் சிக்னல் எல்சிகே, ஸாப்-70 என்ற நொதிகள் வழியாகப் போய்ச் செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துகிறது. அந்தக் கால்சியத்தால் கால்சினியூரின் என்ற நொதி விழித்து என்ஃபேட்டை உட்கருவுக்குள் அனுப்புகிறது. செல்லின் மேலுள்ள துணை ஏற்பியான சிடி28 மற்ற இரண்டுக்கும் வலுவூட்டி, ஐஎல்-2 எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாமலும் காக்கிறது. டி செல் ஏற்பியோடு இணைந்த சிடி3ஐ மட்டும் தூண்டி சிடி28ஐ விட்டால் செல் மரத்துப்போகலாம். அப்புறம் சரியாகத் தூண்டினாலும் ஐஎல்-2 சரிவரச் சுரக்காது.

அதிகம் நடக்கும் தவறு, பிரித்தெடுத்த டி செல்களில் சிடி3 ஆன்டிபாடியைக் கரைசலாக ஊற்றுவது. ஏற்பிகளை ஒன்றாகக் கோத்துப் பிடிக்க ஒரு தளம் வேண்டும். பிபிஎம்சியில் (ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக் கலவை) கரைசலே வேலை செய்வதற்குக் காரணம், அங்குள்ள மோனோசைட்டுகளின் எஃப்சி ஏற்பிகள் (ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிப்பவை) அந்தத் தளமாக நிற்பதுதான். சுத்தமான டி செல்லுக்கு ஆன்டிபாடியைத் தட்டில் பூசுங்கள்: 96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர், பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 2 மணி நேரம். பிறகு இருமுறை கழுவி, குழி காய்வதற்குள் செல்லை விடுங்கள். சிடி28 ஆன்டிபாடியைக் கரைசலாகவே சேர்க்கலாம், மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் போதும். ஆன்டிபாடி புட்டியின் லேபிளைக் கட்டாயம் படியுங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் அசைடு இருந்தால் செல் சாகும். பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்திருந்தால் பிளாஸ்டிக்கில் இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது நேரம். 72 மணி நேரம் கழித்து மேல்நீரை (செல்லுக்கு மேல் நிற்கும் திரவம்) எடுத்தால் அளவு குறைந்திருக்கலாம். தூண்டப்பட்ட செல்லில் ஐஎல்-2 ஏற்பியின் பகுதியான சிடி25 ஏறியதும், சுரந்த ஐஎல்-2ஐ அந்தச் செல்லே உறிஞ்சிக்கொள்ளும். 24 மணி நேரத்தில் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள்.

பிஎம்ஏ, அயனோமைசின் என்ற தூண்டும் ரசாயனங்கள் சேர்த்த ஒரு குழி இல்லாமல் சோதனையே வைக்காதீர்கள். இவை மேற்பரப்பு ஏற்பியைத் தாண்டி உள்ளே நேரடியாகச் சிக்னலை எழுப்பும். இந்தக் குழியில் ஐஎல்-2 வந்து, ஆன்டிபாடிக் குழியில் வராவிட்டால் பூச்சையும் ஆன்டிபாடியையும் பாருங்கள். இரண்டிலும் வராவிட்டால் செல்லின் உயிர்ப்பு, மீடியத்தில் தங்கிய ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவிடும்), எலைசா என்று வரிசையாகப் பாருங்கள்.

கடலூரில் எடுத்த ரத்தத்தைப் புதுச்சேரி ஆய்வகத்துக்குக் கொண்டுவரும்போது ஐஸ் மேல் வைக்காதீர்கள். குளிர்ந்த ரத்தம் ஃபிகாலில் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) சரியாகப் பிரியாது. மே மாத மதியத்தில் பைக் பெட்டியில் போட்டு வருவதும் ஆகாது. 18 முதல் 25 டிகிரிக்குள் வைத்து அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

ரத்தக் கொடையாளர் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள்) எடுக்கிறாரா என்று ரத்தம் எடுக்கும் முன்பே கேளுங்கள். இரண்டும் கால்சினியூரினையே தடுப்பவை என்பதால் பிஎம்ஏ குழியிலும் ஐஎல்-2 சேர்ந்து குறையலாம்.