கமாண்டர் அட்டையிலிருந்து கதாபாத்திரம்: மேஜிக் ஆட்டக்காரரையும் டி அண்டு டி ஆட்டக்காரரையும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார வைக்க

காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊரில் டி அண்டு டி (டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்: பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் கதை ஆட்டம்) ஆட நாலு பேர் கிடைப்பது சிரமம். மேஜிக் (மேஜிக்: த கேதரிங்) என்ற அட்டை ஆட்டம் ஆடுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டால் கூட்டம் தேறிவிடும். இரண்டும் உறவுக்கார ஆட்டங்கள்தான். டி அண்டு டி 1974-இல் வந்தது, மேஜிக் 1993-இல். மேஜிக்கை வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், 1997-இல் டி அண்டு டியின் தாய் நிறுவனமான டி.எஸ்.ஆரையே வாங்கியது.

அட்டைக்காரரிடம் வெற்றுத் தாளை நீட்டி "ஒரு கதாபாத்திரம் எழுதுங்க" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அவரிடம் ஏற்கெனவே ஒரு கதாபாத்திரம் இருக்கிறது: டெக் எனும் நூறு அட்டைக் கட்டின் தலைமை அட்டையான கமாண்டர். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கதையை நடத்துகிற டி.எம்.மோடு (டன்ஜன் மாஸ்டர்) ஐந்து பேர், ஆளுக்கொரு டெக், ஆளுக்கு ஏழு பகடை போதும். டெக் இல்லாத டி அண்டு டிக்காரருக்கு அட்டைக்காரர் ஒன்றை இரவல் தரலாம். விதிநூல் வாங்க வேண்டாம். எஸ்.ஆர்.டி. 5.1 என்ற டி அண்டு டி அடிப்படை விதித் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம்.

எல்லாரும் மூன்றாம் லெவலில் தொடங்கட்டும். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைக் கதாபாத்திரத்தின் ஆறு அடிப்படைக் குணங்களுக்குப் பிரிக்கும்போது, அட்டையில் பவர் (தாக்கும் வலு) பெரிதாக இருந்தால் 15-ஐ ஸ்ட்ரெங்த்துக்கும் (உடல் வலு), டஃப்னஸ் (தாங்கும் வலு) பெரிதாக இருந்தால் கான்ஸ்டிடியூஷனுக்கும் (உடல் உறுதி) கொடுங்கள். மந்திரவாதி என்றால் அவர் வகுப்புக்கு (கிளாஸ்) உரிய குணத்துக்கே 15. அட்டையின் திறன்களை அப்படியே எடுத்து வராதீர்கள். ஃப்ளையிங்கை (பறக்கும் திறன்) முழுதாகக் கொடுத்தால் வாள் ஏந்திய எதிரி எவனும் தொட முடியாமல் முதல் சண்டையே சப்பென்று முடியும். அதற்குப் பதிலாக நாளுக்கு இரண்டு முறை ஃபெதர் ஃபால் (விழும்போது மெதுவாக இறக்கும் மந்திரம்). விஜிலன்ஸ் (விழிப்பு) இருந்தால் பெர்செப்ஷனில் (கவனித்துக் கண்டறிவது) தேர்ச்சி. ஹேஸ்ட் (விரைவு) இருந்தால் இனிஷியேட்டிவில் (சண்டையில் யார் முதல் என்ற உருட்டல்) 2 கூடுதல். லைஃப்லிங்க் (அடித்தால் உயிர் கூடும் திறன்) இருந்தால் சண்டைக்கு ஒருமுறை, அடித்த கையோடு 1டி6 (ஒரு ஆறுமுகப் பகடை) அளவு தற்காலிக ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி).

கதாபாத்திரத்தின் சுபாவத்துக்குக் கமாண்டர் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை ஒழுங்கு, நீலம் அறிவு, கறுப்பு தன்னலம், சிவப்பு வேகம், பச்சை இயற்கை. இரண்டு நிறக் கமாண்டர் இன்னும் நல்லது. வெள்ளையும் கறுப்பும் கலந்தவர் கோயிலுக்குக் கொடையும் கொடுப்பார், வட்டிக்கணக்கில் ஒரு காசும் விடமாட்டார். இப்படி ஒரு பிடி கிடைத்தால், நடிக்கத் தெரியாது என்கிறவரும் பேசத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது கையிருப்பு. டெக்கில் லேண்ட் அட்டைகளை (மந்திர சக்தி தரும் நில அட்டைகள்) ஒதுக்கிவிட்டுக் குலுக்கி, ஆளுக்கு மூன்று அட்டை. ஒரு காட்சிக்கு ஒன்றை இறக்கலாம். அட்டையின் பெயரையும் படத்தையும் வைத்து என்ன நடக்கிறது என்று ஆடுபவர் சொல்ல வேண்டும். பொருந்தினால் டி.எம். அட்வான்டேஜ் தருவார்: இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டிப் பெரியதை எடுப்பது. அட்டையிலுள்ள விதிவாசகம் செல்லாது, செல்லும் என்றால் பாதி நேரம் தர்க்கத்திலேயே போகும். ஏழு அட்டை கொடுத்தால் கண் கையிலேயே இருக்கும், பேசுகிறவர் பக்கம் திரும்பாது. அடுத்தவர் மந்திரத்தை முறிக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் அட்டைகளைக் கூட்டாளி மேல் இறக்கத் தடை போடுங்கள். அட்டைக்காரர் கை பழக்கத்தில் அதைத்தான் முதலில் செய்யும்.

பகடையில் ஒரு சிக்கல் உண்டு. மேஜிக் பெட்டியோடு வருகிற ஸ்பின்டவுன் டி20, உயிர் எண்ணிக்கை காட்டுவதற்கானது. அதில் 20-க்குப் பக்கத்தில் 19, அடுத்து 18 என்று பெரிய எண்கள் ஒரே பக்கம் கூடியிருக்கும். கைப்பழக்கம் உள்ளவர் அந்தப் பக்கமாகவே விழவைக்கலாம். உருட்டுவதற்கு எண்கள் கலைந்த டி20 மட்டும். டி.எம். திரைக்குப் பின்னால் உருட்டுவதும் அட்டைக்காரருக்கு உறுத்தும். வீட்டில் தாயம் ஆடிப் பழகிய ஆயா (பாட்டி) இருந்தால் எதிரிகளின் பகடையை அவர்கள் கையில் கொடுங்கள். சந்தேகம் தீரும், அவர்களும் ஆட்டத்தில் சேர்வார்கள்.

கதைக்கு வரைபடம் தேட வேண்டாம். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றே போதும்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என நான்கு காட்சி, ஒவ்வொன்றும் 40 நிமிடம். வளவைச் (உள்முற்றம்) சுற்றிப் புள்ளிக்கு (மணமான ஒரு தம்பதி) ஓர் அறை, எல்லாம் பூட்டியிருக்கிறது என்று வையுங்கள். தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை நேராகத் தெரியும் அமைப்பு என்பதால் நடுக்கதவுகளைச் சாத்தியே தொடங்குங்கள். இல்லாவிட்டால் நேரே ஓடிவிடுவார்கள்.

நிஜ வளவில் உட்கார்ந்தால் முற்றத்துக் காற்று அட்டையைப் பறக்கவிடும், அதைவிடப் பட்டாலை (உட்காரும் உயர்ந்த மேடை) நல்லது. ஆத்தங்குடிக் கல்லில் பகடை துள்ளி ஓடும். கொட்டானுக்குள் (ஓலைக் கூடை) ஒரு பழைய கண்டாங்கித் துண்டை விரித்து அதில் உருட்டுங்கள். அதிரசமும் மனகோலமும் இடைவேளையில் மட்டும், ஏனென்றால் எண்ணெய்க் கறை ஸ்லீவ் (அட்டை உறை) வாய் வழியாக அட்டைக்குள் இறங்கிவிடும். 63×88 மில்லிமீட்டர் அட்டைக்கு 66×91 ஸ்லீவ் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபாயில் (மினுமினுக்கும் உலோகப் படலம்) அட்டைகள் வளையும். காகிதம் ஈரம் குடித்து விரியும், முகத்திலுள்ள ஃபாயில் விரியாது, அதனால் ஓரங்கள் முகப்பக்கம் மேலெழும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அளவுக்கு மேல் உலர்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும், ஆகவே அட்டை நேரானதும் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள்.

எழுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் டெக்கை எண்ணட்டும். கமாண்டரும் லேண்டும் சேர்த்து நூறு வரவில்லை என்றால் விடுபட்டது பெரும்பாலும் ஜமக்காள மடிப்பிலோ பக்கத்தில் இருந்தவர் கையிருப்பிலோ இருக்கும்.