விறகு அடுப்பைப் பழைய பாய்லருடன் இணைக்கும் முறை

கேஸ் பாய்லரின் சுவிட்சை அணைத்தால் சுடர் அந்த நொடியே அடங்கிவிடும். எரியும் விறகை அப்படி அடக்க முடியாது. காற்றுத் துவாரத்தை இறுக மூடினாலும் தணல் நெடுநேரம் நீரைச் சூடாக்கிக்கொண்டேயிருக்கும். வீட்டின் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் அனுப்பும் அமைப்பில் விறகு அடுப்பையும் சேர்க்கும்போது செய்யவேண்டிய வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் அடுப்பைப் பாருங்கள். உள்ளே நீர் சூடேறும் அறை இல்லாத சாதாரண அடுப்பை ரேடியேட்டர்களுடன் இணைக்க இயலாது. அந்த அறை இருந்தால், நீருக்கு எத்தனை கிலோவாட், அறைக்காற்றுக்கு எத்தனை கிலோவாட் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குத் தனிப் புகைபோக்கி வேண்டும். பாய்லரின் புகைக்குழாயில் சேர்க்கக் கூடாது.

இரண்டாவதாக, வெப்பத்தைத் தேக்கிவைக்கும் தொட்டி. விறகு சில மணி நேரம் மூர்க்கமாக எரிந்து ஓய்கிறது. வீடோ நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கேட்கிறது. நீருக்குச் செல்லும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் சுமார் 50 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். 500 லிட்டர் நீர் 40 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் ஏறத்தாழ 23 யூனிட் வெப்பம் அதில் தங்கும். அடுப்பு, பாய்லர் இரண்டையும் இந்தத் தொட்டியில் இணைத்து, ரேடியேட்டர்களுக்கான நீரை அதன் மேற்பகுதியிலிருந்து எடுங்கள். மேற்பகுதி ஆறினால் மட்டும் பாய்லர் இயங்குமாறு தெர்மோஸ்டாட்டை அங்கே பொருத்தினால், விறகின் வெப்பம் அங்கே இருக்கும்வரை கேஸ் செலவாகாது. பழைய அமைப்பு அழுத்தத்தில் இயங்கும் மூடிய அமைப்பாக இருந்தால், தொட்டிக்குள் சுருள் குழாய் வைத்து அடுப்பின் நீரையும் பழைய அமைப்பின் நீரையும் கலக்காமல் பிரித்துவைப்பதே நல்லது.

மூன்றாவது வேலையில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மின்சாரம் நின்றால் நீரைச் சுற்றவைக்கும் பம்ப் நிற்கும், நெருப்பு நிற்காது. ஆகவே அடுப்புக்கு மேலே ஒரு ரேடியேட்டரை, இடையில் வால்வே இல்லாமல், தொடர்ந்து மேல்நோக்கி ஏறும் 28 மில்லிமீட்டர் செம்புக் குழாயால் இணைத்தால், சூடான நீர் தானாகவே மேலேறி வெப்பத்தை அங்கே கொட்டிவிடும். அடுப்பிலிருந்து, சூட்டில் விரியும் நீரை ஏற்கும் மேல்தொட்டிக்குச் செல்லும் திறந்த குழாயிலும் வால்வு வைக்காதீர்கள். அடைபட்ட அடுப்பு வெடிக்கக்கூடியது. அடுப்பருகே பிளாஸ்டிக் குழாயும் ஆகாது.

நான்காவதை நிறுவுபவர்களே சில சமயம் விட்டுவிடுகிறார்கள். அடுப்புக்குத் திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் புகையிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்த்து, பளபளக்கும் கருந்தாராகப் படிந்து, இரும்பை அரிக்கும். சூடான நீரில் ஒரு பங்கைத் திரும்பும் குழாயில் கலந்துவிடும் வால்வு இதைத் தடுக்கும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள விறகுக்கு அதுவும் உதவாது.

குழாய் வேலையைத் தகுதி பெற்றவரிடம் ஒப்படைத்து, அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிய பிறகு, சிறிய நெருப்பு மூட்டிப் பம்பை நீங்களே அணைத்துப் பாருங்கள். மேலேயுள்ள அந்த ரேடியேட்டரில் கை வைத்தால் சில நிமிடங்களில் சூடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விறகு சேர்க்காமல் நெருப்பை அணையவிட்டு, குழாயின் சரிவையும் உள்ளே சிக்கிய காற்றையும் சோதியுங்கள்.